பத்தாம் நம்பர் ஊசி

பின்னல் ஊசிக்கும் கையில் ஏற்றும் ஊசிக்கும் எண் போடுகிற முறை ஒன்றுதான் என்பது எனக்கு ஐம்பத்திரண்டாவது வயதில்தான் தெரிந்தது. எண் கூடக்கூட ஊசி மெலியும். ஸ்வெட்டர் பின்னும் பத்தாம் நம்பர் ஊசியின் கனம் மூன்றேகால் மில்லிமீட்டர். எட்டாம் நம்பர் நான்கு மில்லிமீட்டர். பன்னிரண்டாம் நம்பர் தென்னை ஈர்க்கைவிடக் கொஞ்சம் பருமன், அவ்வளவுதான். மருத்துவமனையிலும் அப்படியே. கையில் செருகும் கேனுலாவில் பச்சை நிறம் 18, இளஞ்சிவப்பு 20, நீலம் 22, மஞ்சள் 24. அந்த மஞ்சள்தான் குழந்தைகளுக்கும், என்னைப் போல நரம்பு ஒளிந்துகொள்ளும் ஆட்களுக்கும். இரண்டு கணக்குமே கம்பி இழுக்கும் பட்டறையில் பிறந்தவை: கம்பியைச் சிறிய துளை, அதைவிடச் சிறிய துளை என்று வரிசையாக இழுத்து மெலிய வைக்கும்போது, எத்தனையாவது இழுப்பு என்பதே அந்தக் கம்பியின் எண்ணாக நின்றுவிட்டது. 2023 ஜனவரி 10ஆம் தேதி, கோயம்புத்தூரில் ஒரு மருத்துவமனையின் பகல்நேர வார்டில், "22 ஏறல சிஸ்டர், 24 எடுங்க" என்று ஒரு செவிலியர் இன்னொருவரிடம் சொன்னபோது, பயத்துக்கு முன்னால் எனக்கு நினைவுக்கு வந்தது வீட்டுத் தகரப் பெட்டியில் கிடந்த ஊசிகள்தான்.

நான் இருப்பது குன்னூரில். இங்கிருந்து ஊட்டிக்குப் போகும் வழியில், கேத்திப் பள்ளத்தாக்கின் எல்லநள்ளியில், 1949 முதல் நீடில் இண்டஸ்ட்ரீஸ் தொழிற்சாலை இருக்கிறது. இந்தியாவில் தையல், பின்னல் தெரிந்த வீடுகளில் கிடக்கும் 'போனி' ஊசிகள் அங்கே செய்யப்படுகிறவை. ஆகவே ஊசி எங்களுக்குத் தேயிலை மாதிரி, உள்ளூர்ச் சரக்கு. ஆறாம் வகுப்பில் தையல் டீச்சர் ஆளுக்கு ஒரு ஜோடி கொடுத்து, பிளெயின் ஒரு வாரம், பர்ல் ஒரு வாரம் என்று சொல்லிக்கொடுத்தார். ஊசியில் தொங்கும் ஒவ்வொரு வளையத்தையும் நாங்கள் லூப் என்றுதான் சொல்வோம். எழுதும்போது கண்ணி என்று எழுத எனக்குப் பிடித்திருக்கிறது. மகள் பிறந்த வருடம் மூன்று ஸ்வெட்டர்கள் பின்னினேன். பிறகு ஊட்டியில் திபெத்தியர் கடைகளில் விற்கும் மெஷின் ஸ்வெட்டர்கள் நூலின் விலையைவிடக் குறைவாகக் கிடைக்கத் தொடங்கியதும் ஊசிகள் பெட்டிக்குள் போயின.

மார்பில் கட்டி தெரிந்ததும், கார்த்திகையில் அறுவை சிகிச்சை நடந்ததும், இடது அக்குளில் நிணநீர்க் கணுக்களை எடுத்ததும் எல்லோருக்கும் நடப்பதுபோலத்தான் நடந்தன. அவற்றை விவரிக்கப் போவதில்லை. அதன்பிறகு எழுதிக்கொடுத்த கீமோதெரபித் திட்டம் இது: 21 நாளுக்கு ஒருமுறை நான்கு சுற்று, பிறகு வாராவாரம் பன்னிரண்டு. ஜனவரியில் தொடங்கினால் ஜூன் மாதம் முடியும். இடது கையில் இனி ஊசி போடக் கூடாது, ரத்த அழுத்தம்கூடப் பார்க்கக் கூடாது என்பதால் எல்லாச் சுமையும் வலது கைக்கு வந்தது.

முதல் சுற்று முடிந்து வீடு திரும்பிய இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. வாந்தியும் ஒவ்வாமையும் வராமலிருக்க மருந்துக்கு முன்னால் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கொடுக்கிறார்கள். உடம்பு அடித்துப்போட்டதுபோலக் கிடக்கும். மூளை மட்டும் காலை ஆறு மணிபோலப் பளிச்சென்று விழித்திருக்கும். இரண்டு மணிக்கு எழுந்து பெட்டியைத் திறந்தேன். அந்துருண்டை வாசனையோடு ஒரு ஜோடி பத்தாம் நம்பர் ஊசி, அரைச் சிட்டம் காப்பிப்பொடி நிறக் கேஷ்மிலான் என்ற செயற்கைக் கம்பளி நூல். வலது புறங்கையில் கேனுலா போட்ட இடம் ஊதாவாகத் தடித்திருந்தது. 56 கண்ணிகள் ஏற்றினேன். விரல்கள் என்னைக் கேட்காமலே வேலையைச் செய்தன; எனக்கு அது கொஞ்சம் அவமானமாகக்கூட இருந்தது, இத்தனை நாள் யாரை நம்பியிருந்தேன் என்று. கணவர் கண்விழித்து, "யாருக்கு?" என்று கேட்டார். "யாருக்கும் இல்ல" என்றேன். "சரி" என்று திரும்பிப் படுத்துக்கொண்டார். அந்த ஆறு மாதத்தில் என்னிடம் சொல்லப்பட்ட வார்த்தைகளில் மிகவும் உருப்படியானது அந்த "சரி"தான்.

விடிந்தபோது பதினொரு வரிசை ஆகியிருந்தது. வெளிச்சத்தில் பார்த்தால் நான்காவது வரிசையிலேயே ஒரு கண்ணி கூடியிருந்தது. ஊசியை உருவிவிட்டு நூலின் நுனியைப் பிடித்து இழுத்தேன். பதினொரு வரிசையும் பொலபொலவென்று அவிழ்ந்து, நூல் மறுபடி நூலாக மடியில் விழுந்தது. பின்னியிருந்த நெளிவு மட்டும் அதில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. வீட்டுக்கு வந்திருந்த தங்கை, ராத்திரி முழுக்கப் பட்ட பாடு வீணாகிவிட்டதே என்று வருத்தப்பட்டாள். அவளுக்கு எப்படி விளக்குவது என்று எனக்குத் தெரியவில்லை. அந்த மூன்று மாதத்தில் எனக்கு நடந்த எதையும் பழையபடி ஆக்க முடியாது. எடுத்ததைத் திரும்ப வைக்க முடியாது, ஏற்றிய மருந்தை இறக்க முடியாது, கேட்ட வார்த்தையைக் கேட்காதவளாக முடியாது. கெடுத்துவிட்டு, ஒன்றும் குறையாமல் திரும்பவும் தொடங்கக்கூடிய ஒரே வேலையாக அந்தப் பின்னல் இருந்தது. பின்னுவதைவிடப் பிரிப்பதில்தான் எனக்கு முதலில் ஆறுதல் கிடைத்தது என்பதை இப்போது ஒப்புக்கொள்ளலாம். ஜனவரி முழுவதும் அந்த மஃப்ளர் ஒரு சாணுக்கு மேல் வளரவே இல்லை.

பதினாறாம் நாள் முடி கொட்டத் தொடங்கியது. தலையணையில் கிடந்ததைப் பார்த்ததும் அழவில்லை. சீப்பை எடுத்து உள்ளே வைத்தேன். மகள் பெங்களூரிலிருந்து வந்து மிச்சத்தை மழித்துவிட்டாள். குன்னூர்க் குளிரில் மொட்டைத் தலை எவ்வளவு குளிரும் என்பதை மழித்த அன்றைக்கு இரவுதான் அறிந்தேன். உடனே தொப்பி ஒன்று பின்னினேன், அதே கேஷ்மிலானில். போட்ட பத்தாவது நிமிடம் தலை முழுக்க அரிப்பு. பிறகு மேட்டுப்பாளையத்தில் பருத்தி நூல் வாங்கி வந்து மறுபடி பின்னினேன். சிட்டத்தை உருண்டையாகச் சுற்ற வேண்டுமென்றால் ஒருவர் இரண்டு கையையும் நீட்டி அதில் சிட்டத்தை மாட்டிக்கொண்டு உட்கார வேண்டும். என் இடது கை தோளுக்கு மேல் இன்னும் தூக்க வரவில்லை. அருவங்காட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற என் கணவர், கைதிபோலக் கைகளை நீட்டிக்கொண்டு ஒருமணி நேரம் செய்தி பார்த்தார். நடுவில் மூக்கு அரித்ததற்கு என்னைத்தான் கூப்பிட வேண்டியிருந்தது.

இந்த நோய்க்கு ஆட்பட்டவர்கள் முதலில் கற்றுக்கொள்ளும் சொல் 'கவுண்ட்'. மருந்து ஏறிய ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள்வரை வெள்ளையணுக்கள் அடிமட்டத்துக்கு இறங்கும். அதற்காக மருந்து ஏறிய மறுநாளே வயிற்றில் 'கவுண்ட் ஏத்துற ஊசி' போடுவார்கள். அது எலும்பு மஜ்ஜையை விரட்டி வேலை வாங்குவதால் இடுப்பெலும்பும் தொடையெலும்பும் உள்ளிருந்து குடையும். அந்த ஒரு வாரம் கூட்டத்துக்குப் போகக் கூடாது, பச்சையாக எதையும் தின்னக் கூடாது, மண்ணைத் தொடக் கூடாது. மண்ணில் இருக்கும் பூஞ்சை, சாதாரண ஆளுக்கு ஒன்றும் செய்யாதது, எதிர்ப்பில்லாத உடம்பில் நுரையீரலுக்குள் குடியேறிவிடும். ஜாடியில் பூ வைப்பதும் வேண்டாம் என்றார்கள், அந்தத் தண்ணீரில் கிருமி வளரும் என்பதால். முப்பது வருடமாகத் தொட்டியில் மண் கிளறி வளர்ந்த என் கைகளுக்கு அது கடினமான உத்தரவு. சமையலறை ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். மருத்துவமனை என்னுடைய அணுக்களை எண்ணியது. நான் என்னுடைய கண்ணிகளை எண்ணினேன். ஐம்பத்தாறு வந்தால் சரி, ஐம்பத்தைந்து வந்தால் எங்கே விட்டேன் என்று தேடினால் கிடைத்துவிடும். அவர்களுடைய எண்ணிக்கையில் அந்தச் சௌகரியம் இல்லை.

அந்த ஜன்னலுக்கு வெளியே பக்கத்து வீட்டுப் பேரிக்காய் மரம். ஜனவரியில் அதில் ஒரு இலைகூடக் கிடையாது. பக்கத்து வீட்டு அக்கா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "மரமும் நீயும் ஒண்ணுபோல மொட்ட. ரெண்டும் துளுத்துரும் பாரு" என்றார். நல்ல எண்ணத்தில் சொன்னதுதான். எனக்கு ஏனோ கோபம் வந்தது. மரத்துக்கு இது வருடாவருடம் வருவது. அதற்கு யாரும் ரிப்போர்ட் கேட்பதில்லை. துளிர்க்குமா என்று அதன் பிள்ளைகள் இரவில் வேறு அறையில் நின்று போனில் குசுகுசுவென்று பேசுவதில்லை. நோயாளியைக் கண்டதும் மரத்தையும் பட்டாம்பூச்சியையும் இழுத்து வந்து நிறுத்துகிற பழக்கத்தை நம் மக்கள் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம்.

ஆனால் மரத்தைப் பார்க்காமலும் இருக்க முடியவில்லை. இளவேனில் என்றால் சித்திரையும் வைகாசியும் என்று பள்ளியில் படித்தோம். அது சமவெளிக்காரர்களின் கணக்கு. மாசியும் பங்குனியும் அந்தக் கணக்கில் பின்பனிக் காலம். எங்கள் மலையில் உறைபனி விலகத் தொடங்கும் அந்த மாசியிலேயே வேலை தொடங்கிவிடும். சித்திரை, வைகாசிக்கு இங்கே இருக்கும் பெயர் 'சீசன்'. அதற்குப் பூவோடு இருக்கும் சம்பந்தத்தைவிடப் போக்குவரத்து நெரிசலோடு இருக்கும் சம்பந்தம் அதிகம். மார்ச் முதல் வாரம், மூன்றாம் சுற்று முடிந்து கவுண்ட் இறங்கியிருந்த நாட்களில், பேரி மரத்தின் கட்டைக் கிளைகளில் அரிசிப்பொரி ஒட்டியதுபோல மொட்டுகள் தெரிந்தன. நான்கே நாளில் மரம் முழுக்க வெள்ளை. இலை வருவதற்கு முன்பே பூ. தேனீக்களின் இரைச்சல் ஜன்னல் கண்ணாடியைத் தாண்டிக் கேட்டது. சிவப்பு மீசை வைத்த கொண்டைக்குருவிகள் இரண்டு எந்நேரமும் அந்த மரத்தில் சண்டை போட்டுக்கொண்டிருந்தன. என் நூல்துண்டைக் கொத்திக்கொண்டு போய் அவை கூடு கட்டின என்று எழுத ஆசைதான். ஜன்னல் விளிம்பில் துண்டுகளைப் போட்டும் வைத்தேன். அவை அந்தப் பக்கமே திரும்பவில்லை.

எனக்கு அந்த மரத்திடம் பிடித்தது அதுதான் என்று மெல்ல மெல்லப் புரிந்தது. அந்த ஆறு மாதத்தில் என்னைப் பார்த்த ஒவ்வொரு முகமும் முதலில் என் தலையைப் பார்த்து, பிறகு நெஞ்சைப் பார்த்து, பிறகு அவசரமாகக் கண்ணைப் பார்த்தது. வீட்டில் எல்லாமே என்னை மையமாக வைத்துச் சுழன்றது: சாப்பாட்டு நேரம், டிவியின் சத்தம், யார் எப்போது வரலாம் என்பது வரை. மரம் மட்டும் தன் பாட்டுக்குப் பூத்து, தன் பாட்டுக்கு உதிர்த்தது. எனக்காக அது பூக்கவில்லை. நான் இல்லாவிட்டாலும் பூத்திருக்கும். இதைக் கேட்டால் என் மகள் வருத்தப்படுவாள். எனக்கோ அந்த நினைப்பு, கனமான சட்டையைக் கழற்றிப் போட்டதுபோல இருந்தது.

வசந்தம் எப்போதும் இதமாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். மருத்துவமனைக்குப் போக விடியற்காலை ஐந்து மணிக்குக் காரில் கிளம்பி, பர்லியார் வழியாகக் கல்லாருக்கு இறங்க வேண்டும். 14 கொண்டை ஊசி வளைவுகள். "கொண்டையும் இல்ல, பூவும் இல்ல, ஊசி மட்டும்தான் பாக்கி" என்று நான் முதல் முறை சொன்னபோது டிரைவர் தம்பிக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. மார்ச் மாதம் நான்காம் சுற்றுக்குப் போன அன்று, அதற்கு முன் பெய்த கோடை மழையில் பர்லியார்ப் பக்கம் காப்பிச்செடிகள் பூத்திருந்தன. மல்லிகைபோன்ற அந்த வாசனைக்காகவே ஒரு காலத்தில் பஸ் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்வேன். அன்றைக்கு அது மூக்கில் ஏறியதும் குடல் புரண்டது. மூன்று சுற்று மருந்தில் என் உடம்பு வாசனை என்றாலே மருந்து என்று கற்றுக்கொண்டிருந்தது. வண்டியை ஓரங்கட்டச் சொல்லி, பாக்கு மரங்களுக்கு நடுவே குனிந்து வாந்தி எடுத்தேன். தலைக்கு மேலே, பாறைச் சரிவில், ஊரே போட்டோ எடுக்க வரும் அளவுக்கு அழகான காலை.

அந்த முதல் நான்கு சுற்றின் முக்கிய மருந்து ரத்தச்சிவப்பு நிறம். டாக்ஸோரூபிசின். பையில் தொங்கவிட மாட்டார்கள்; செவிலியர் பக்கத்தில் உட்கார்ந்து பெரிய சிரிஞ்சிலிருந்து மெல்ல மெல்லத் தள்ளுவார், ஏனென்றால் நரம்புக்கு வெளியே கசிந்தால் சதை வெந்துவிடும். வாயில் புண் வராமலிருக்க அந்த நேரம் முழுவதும் ஐஸ்கட்டியைச் சப்பிக்கொண்டிருக்கச் சொல்வார்கள். இத்தாலியில் பழைய கோட்டை ஒன்றின் பக்கத்து மண்ணில் கண்டெடுத்த நுண்ணுயிரியின் வழியில் 1960களில் பிறந்த மருந்து அது. ஏட்ரியாட்டிக் கடலின் பெயரால் ஏட்ரியாமைசின் என்று அழைத்தார்கள். மண்ணைத் தொடாதே என்று சொல்லிவிட்டு மண்ணிலிருந்து எடுத்ததையே ஏற்றுகிறார்கள் என்று எண்ணிக்கொண்டேன். இரண்டாம் சுற்றிலேயே வலது கை நரம்புகள் கயிறாக இறுகிவிட்டதால், வலது காறை எலும்புக்குக் கீழே தோலுக்கடியில் 'கீமோ போர்ட்' என்ற, மருந்து ஏற்றுவதற்கான சிறு கருவியை வைத்தார்கள். அதில் எனக்கு ஒரு லாபம்: மருந்து ஏறும்போது இரண்டு கையும் சும்மா இருந்தன. மூன்றாம் சுற்றிலிருந்து மஃப்ளரும் என்னோடு கோயம்புத்தூர் வந்தது.

பக்கத்து நாற்காலியில் திருப்பூர்ப் பெண் ஒருவர். என்னைவிடப் பத்து வயது இளையவர். பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் பதினெட்டு வருடம் வேலை பார்த்தவர். ஒருநாள் அவருக்கு ரத்தப் பரிசோதனை முடிவு வந்தபோது, "கவுண்ட் கம்மியா இருக்கும்மா, இன்னைக்கு மருந்து ஏத்த முடியாது" என்றார்கள். இரண்டு பஸ் மாறி வந்திருந்தவர். ஒரு நிமிடம் பேசாமல் இருந்துவிட்டு என் பக்கம் திரும்பி, "ஏனுங்க்கா, எங்கூர்ல கவுண்ட் கம்மின்னா நூலு தடிசுங்க. தடிசு நூலு அத்தன சுலுவா அறுந்துராதுங்க" என்றார். நூலுக்கும் அதே தலைகீழ்க் கணக்குத்தான்: ஒரு பவுண்டு எடையில் 840 கெஜச் சிட்டங்கள் எத்தனை அடங்கும் என்பதே கவுண்ட், ஆகவே எண் கூடினால் நூல் மெல்லியது. டி ஷர்ட்டுக்கு 30ஆம் கவுண்ட், கனத்த துணிக்கு 20. அவர் வார்டிலிருந்து வெளியே போன பிறகும் நான் சிரித்துக்கொண்டிருந்தேன். செவிலியர் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார்.

பின்னக் கற்றுத்தருகிறேன் என்று அவரிடம் சொன்னேன். "பதினெட்டு வருசமா நிட்டிங் துணியவே பாத்துட்டிருக்கனுங்க, போதுமுங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டார். ஆனால் ஒவ்வொரு முறையும் என் மஃப்ளரை வாங்கி, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, இரண்டு கையாலும் அகல இழுத்துப் பார்ப்பார். அது தொழில்காரர் பார்வை. மனம் கலங்கியிருந்த நாட்களில் நான் இறுக்கிப் பின்னிய வரிசைகளையும் அசதியில் தளர்ந்த வரிசைகளையும் அவர் விரல் தடவியே கண்டுபிடித்தது. "இது போன ஊசிக்கு அடுத்த வாரமுங்களா?" என்று ஒரு சுருங்கிய பகுதியைக் காட்டிக் கேட்டார். சரியாக அந்த வாரம்தான்.

ஏப்ரல் 4ஆம் தேதி வாராந்தர மருந்து தொடங்கியது. பாக்ளிடாக்செல். அமெரிக்காவின் மேற்குக் கரைக் காடுகளில் வளரும் யூ என்ற மரத்தின் பட்டையிலிருந்து 1960களில் பிரித்தெடுத்தது; 1971இல் அதன் மூலக்கூறு வடிவத்தை வெளியிட்டார்கள். பட்டையை உரித்தால் மரம் செத்துவிடும் என்பதால், பிற்பாடு அதன் ஐரோப்பிய உறவுமரத்தின் ஊசியிலைகளிலிருந்து பாதிப் பொருளை எடுத்து மீதியை ஆய்வகத்தில் முடிக்கும் வழி கண்டார்கள். இங்கேயும் ஊசி வந்துவிட்டது. அந்த மருந்து வேலை செய்யும் விதத்தை மகள் எனக்குப் படித்துச் சொன்னபோது, கையிலிருந்த பின்னலைக் கீழே வைத்துவிட்டேன். ஒரு செல் இரண்டாகப் பிரிய வேண்டுமென்றால் அதற்குள்ளே மெல்லிய இழைகளைக் கோத்து, இழுத்து, பிறகு அவற்றை அவிழ்க்க வேண்டுமாம். பாக்ளிடாக்செல் இழைகளை அறுப்பதில்லை. கோத்ததை அவிழ்க்க முடியாமல் இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது. அவிழ்க்க முடியாத செல், பிரிய முடியாமல் சாகிறது. ஜனவரி முழுவதும் பிரித்துப் பிரித்து ஆறுதல் தேடியவளுக்கு இப்படி ஒரு மருந்து.

அதே இழைகள் நரம்புகளிலும் இருக்கின்றன. அதனால் ஐந்தாம் வாரம் விரல்நுனிகள் மரத்துப்போயின. முதலில் சட்டைப் பொத்தான் போட வரவில்லை. பிறகு கீரை ஆயும்போது காம்பு எது தண்டு எது என்று தெரியவில்லை. பிறகு பத்தாம் நம்பர் ஊசி கையிலிருந்து நழுவுவது நழுவிய பிறகு சத்தம் கேட்டுத்தான் தெரிந்தது. பின்னலில் கண்ணை வைக்க வேண்டியதில்லை என்பது அதுவரை என் பெருமை. இப்போது ஒவ்வொரு கண்ணியையும் பார்த்துப் பார்த்துத் தள்ள வேண்டியிருந்தது. எட்டாம் நம்பர் மூங்கில் ஊசிக்கு மாறினேன். மஃப்ளரில் அந்த இடத்திலிருந்து துணி கொஞ்சம் அகன்று, வலைபோலத் தளர்ந்து தெரியும். ஒரு வரிசைக்கு மூன்று நிமிடம் ஆனது எட்டு நிமிடம் ஆயிற்று. போதாக்குறைக்கு, ஒவ்வாமை வராமலிருக்க மருந்துக்கு முன்னால் போடும் ஏவில் ஊசி ஆளைத் தூக்கத்தில் தள்ளும். ஏழாம் வாரம் அப்படிக் கண்ணயர்ந்தபோது நடுவில் ஒரு கண்ணி நழுவி, ஆறேழு வரிசை கீழே ஏணிபோல இறங்கிவிட்டது. குரோஷா ஊசியால் ஒவ்வொரு படியாகத் தூக்கி ஏற்றினால் சரியாகிவிடும் வேலைதான். மரத்த விரலால் அது முடியவில்லை. மேற்கொண்டு இறங்காமலிருக்க அந்தக் கண்ணியில் ஒரு ஊக்கைக் குத்தி வைத்தார் திருப்பூர்ப் பெண், தன் தாலிக்கொடியிலிருந்து எடுத்து.

தமிழ்ப் புத்தாண்டுக்கு வீட்டில் மாங்காயும் வெல்லமும் வேப்பம்பூவும் போட்டுப் பச்சடி வைத்தார்கள். எனக்கு அதில் கசப்பே தெரியவில்லை. எல்லாமே பித்தளைக் காசை நாக்கில் வைத்ததுபோலத்தான் இருந்தது. ஜகரண்டா அந்த நாட்களில்தான் முழு வேகத்தில் இருந்தது. தென்னமெரிக்காவிலிருந்து வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து நட்ட மரம். நாங்கள் அதற்கென்று ஒரு தமிழ்ப் பெயர் வைக்கவே இல்லை. பூக்கும் நாளில் இலை ஏறக்குறைய இருக்காது. மரமே ஊதாப் புகைபோல நிற்கும். மூக்கில் ஏறும் வாசனை கிடையாது. வாந்தி வரவழைக்காத பூ என்ற ஒரே காரணத்துக்காக அந்த வருடம் எனக்கு அது ரோஜாவைவிட உயர்ந்த பூவாக இருந்தது. தரையில் உதிர்ந்து கிடந்ததை மிதித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்புவேன். உள்ளங்கால் மரத்த பிறகு மிதிப்பது தெரியாது, அதன் சத்தம் மட்டும் வரும்.

மே மாதம் சீசன் நெரிசலுக்காகக் குன்னூர்ச் சாலையை ஏறும் வண்டிகளுக்கு ஒதுக்கி, இறங்குகிறவர்களைக் கோத்தகிரி வழியாகத் திருப்பிவிட்டார்கள். சுற்றுவழி, கூடுதல் நேரம். ஊரில் எல்லோரும் திட்டிக்கொண்டிருக்க, எனக்கு அது பிடித்துப்போயிற்று. தேயிலைத் தோட்டங்களில் நிழலுக்கு நட்ட சில்வர் ஓக் மரங்களில் பழுத்த மஞ்சளில் சீப்புச் சீப்பாகப் பூ. தேயிலை புதுக் கொழுந்து விட்டு, மலை முழுக்க ஒரே உயரத்துக்கு வெட்டிய பசும்பச்சை. பின்சீட்டில் பின்னிக்கொண்டே போனேன், வாரத்துக்கு நான்கு வரிசை, ஐந்து வரிசை. பிரிப்பதை எப்போது நிறுத்தினேன் என்பது நினைவில்லை. விரல் மரத்த பிறகு, பின்னியதைப் பிரிக்க மனம் வரவில்லை. ஒவ்வொரு வரிசைக்கும் அவ்வளவு செலவாகிக்கொண்டிருந்தது.

ஜூன் 20ஆம் தேதி பன்னிரண்டாவது முடிந்தது. பேரி மரத்தில் அதற்குள் காய்கள் கல்போலத் தொங்கின. பூத்ததற்கான அடையாளம் ஒன்றும் இல்லை. திருப்பூர்ப் பெண்ணுக்குக் கவுண்ட் குறைந்து நாள்கள் தள்ளிப்போனதால், கடைசி இரண்டு வாரம் நாங்கள் சந்திக்கவில்லை. மஃப்ளரை முடித்து நுனியைக் கட்டியதும் போட்டோ எடுத்து அவருக்கு அனுப்பினேன். போட்டோவெல்லாம் வேண்டாம், எடை எவ்வளவு, நீள அகலம் எவ்வளவு என்று குரல் பதிவு வந்தது. சமையலறைத் தராசில் வைத்தேன்: 220 கிராம். நீளம் 240 சென்டிமீட்டர், அகலம் 20. கொஞ்ச நேரத்தில் அடுத்த பதிவு வந்தது, சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்ற ஜி.எஸ்.எம். கணக்கோடு. "ஜி.எஸ்.எம். நானூத்தம்பதுக்கு மேல போகுதுங்க்கா. நாங்க டி சர்ட்டுக்கு நூத்தியெம்பதுதாங்க போடுவோம். இது மப்ளர் இல்லீங்க, பவானி ஜமுக்காளமுங்க." பின்னணியில் அவர் வீட்டுக் குழந்தை எதற்கோ அழுதுகொண்டிருந்தது. "அந்த ஓட்டைய அடைச்சீங்களாங்க்கா?" என்று முடித்திருந்தார்.

அடைக்கவில்லை. விரல்நுனிகளில் உணர்ச்சி முக்கால்வாசி திரும்பிவிட்டது, குரோஷா ஊசியும் கைக்கெட்டும் இடத்தில்தான் இருக்கிறது. அவருடைய ஊக்கு இன்னும் அதில்தான் குத்தியிருக்கிறது.